எங்கள் மைக் ஊளையிடாது

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே என் காதைத் தவிர எல்லோரும் சௌக்கியம். அங்கே நீயும் வீட்டாரும் நலமாகவும், முடிந்தால் கொஞ்சம் அமைதியாகவும் இருக்க வேண்டும். நம் மைக் செட் கடைப் பலகைக்குப் புது வர்ணம் அடிக்கப் போவதாகச் சொன்னாயே, "எங்கள் மைக் ஊளையிடாது" என்ற வரியை இன்னும் பெரிதாக எழுதச் சொல். எந்த மேடையிலும் நம் மைக் ஒருமுறைகூட ஊளையிட்டதில்லை என்ற பெருமையோடுதான் நான் கடையை உன்னிடம் விட்டுவிட்டு வந்தேன்.

அந்தப் பெருமைக்கு என் பெண்ணே உலை வைத்தாள். மின்சார கித்தார் வாங்கினாள் அல்லவா, ஆம்ப்ளிஃபயர் பெட்டியைச் சத்தமாக வைத்து அதற்கு எதிரே கித்தாரைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். பெட்டியின் சத்தம் கம்பியை அதிர வைக்க, அந்த அதிர்வு மறுபடி பெட்டிக்குள் போக, சுத்தமான ஊளை! "என்னம்மா, மைக் மாதிரி கத்துது?" என்றால், "கத்தலப்பா, பாடுது" என்கிறாள். ஓரடி முன்னே வந்தால் ஒரு சுரம், தோளைத் திருப்பினால் வேறு சுரம், வேண்டாத கம்பிக்கு உள்ளங்கையால் ஒரு அமுக்கு. மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, "சார், நீங்க இந்தத் தொழில்லதானே இருந்தீங்க?" என்று கேட்டபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

சனிக்கிழமை ஒரு சின்ன அரங்கில் அவளுக்கு முதல் கச்சேரி. பிடித்துப்போனால் வாராவாரம் வாய்ப்பு என்று அரங்கக்காரர் சொல்லியிருந்தார். அதற்காகத் தூக்கமில்லாமல் உழைத்திருந்தாள். கடைசிப் பாட்டில் பெட்டியைப் பார்த்துத் திரும்பினாள், ஊளை கிளம்பியது. தம்பி, அதுவரை அப்பாவாக உட்கார்ந்திருந்தவன் மைக் செட்காரனாக எழுந்துவிட்டேன். கால் தானாக மேடைக்கு ஓடியது, கை தானாக வால்யூமைத் தேடியது. அவளுக்கும் பெட்டிக்கும் நடுவில் நான் போய் நின்றதும் சத்தம் அடங்கிப்போனது. அரங்கமே என்னைப் பார்த்தது. அவள் முகம் வெளுத்த பிறகுதான் செய்த காரியம் எனக்கு உறைத்தது.

"எதையும் தொடாதீங்கப்பா. மெதுவா, மெதுவா நகருங்க" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. நகர்ந்தேன். என் தொப்பை விலக விலக அந்தச் சுரம் மெல்லத் தலைதூக்கி, பெருகி, மேலே ஏறி, அவள் சொன்ன இடத்தில் நின்றது. வேண்டிய மட்டும் நிறுத்திவைத்து, உள்ளங்கையால் அணைத்தாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. "அந்தப் பெரியவர் விலகினாரே, நல்ல யோசனைம்மா! இனி வாராவாரம் நீதான்" என்றார் அரங்கக்காரர். நான் காலமெல்லாம் விரட்டி விரட்டி அடித்த சத்தத்தை என் பெண் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டாள். பெருமை தாங்கவில்லையடா.

குழந்தைகளுக்கு என் ஆசி, அவர்கள் அம்மாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
காதடைத்து, நெஞ்சு நிமிர்ந்திருக்கும்
உன் அண்ணன்

பின்குறிப்பு: அடுத்த சனிக்கிழமையும் நான் குறுக்கே நின்று விலக வேண்டுமாம்; மேடையில் நான் நிற்க வேண்டிய இடத்துக்கு அடையாளமாக டேப் ஒட்டிவிட்டாள். அதனால் பலகையில் பழைய வரி வேண்டாம். "ஊளை தேவைப்படுவோர் முன்கூட்டியே சொல்லவும்" என்று எழுதச் சொல்.