தகட்டுக்கு ஒரு சுவர்

பிராக் பட்டணத்தில் கூரை இல்லாத வீட்டைக்கூட வீடு என்று ஒப்புக்கொள்வார்கள். எண் தகடு இல்லாததை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பதிவேட்டு எண் சிவப்பில், தெரு எண் நீலத்தில். இரண்டும் வாசலருகே, சமதளமான சுவரில், தலா நான்கு திருகாணிகளால் பொருத்தப்பட வேண்டும் என்பது தகடு இலாகாவின் விதி. அந்த இலாகாவின் இரண்டாம் நிலை எழுத்தர் ஓட்டகார் ஷிமெக். பதினோரு வருடத்தில் அவர் கை பட்டு ஒரு தகடும் கோணலானதில்லை.

1912இல் ஊரைக் கியூபிசம் என்ற கனசதுரக் கலை மோகம் பிடித்து ஆட்டியது. முதலில் ஓவியத்தில் மூக்குகளை உடைத்தார்கள், பிறகு நாற்காலிகளை, கடைசியில் சுவர்களை. ஆற்றங்கரையில் ஐந்து மாடி வீடு ஒன்று எழும்பியது. கசக்கிய காகிதத்தைப் பிரித்து நிறுத்தியதுபோல முகப்பு முழுக்கச் சாய்வும் கூர்முனையும். உள்ளங்கை அகலத்துக்குக்கூடச் சமதளம் கிடையாது. அந்த வீட்டின் மூன்றாம் மாடியைத்தான் ஷிமெக் தன் கல்யாணத்துக்கென்று வாடகைக்குப் பிடித்திருந்தார். வீடு இல்லாத மாப்பிள்ளை வேண்டாம் என்று மணப்பெண் போஜெனா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

ஷிமெக் வீட்டைக் கட்டிய கலைஞரிடம் ஓடினார்.

"ஐயா, ஒரு முழம் சுவரை மட்டும் நேராப் பூசிக் கொடுங்க. என் கல்யாணமே அதுலதான் தொங்குது."

"நேராவா? அது போன நூற்றாண்டு வியாதி. வேணும்னா தகட்டை மடக்குங்க."

"மடங்கின தகடு சேதமான அரசாங்கச் சொத்து. மாட்டினா என்மேல நானே புகார் எழுதணும்."

"எழுதுங்களேன்!"

ஷிமெக் மடக்கிப் பார்த்தார், புகாரும் எழுதினார். விசாரணை அதிகாரியும் அவரே. கடுமையாக எச்சரித்து விட்டுவிட்டார். மடங்கிய தகடு இலாகாவுக்கே திரும்பியது.

இலாகா தலைவர் ப்ரோகோப் கோப்பைப் படித்து மீசையைத் தடவினார்.

"என்னய்யா பண்ணலாம்?"

"விதியைக் கொஞ்சம் தளர்த்தி..."

"என்ன சொன்னே?"

"ஒண்ணும் இல்லீங்க."

"சமதளமான சுவர் வேணும்னுதான் விதி சொல்லுது. அந்தச் சுவருக்குப் பின்னாடி வீடு ஒட்டியிருக்கணும்னு எங்கேயும் சொல்லலையே! நடைபாதையில தனியா ஒண்ணு கட்டு."

ஆள் உயரத்தில் சுவர் எழுந்தது. எட்டுத் திருகாணிகளும் முடுக்கப்பட்டன. உரிய பரிசீலனைக்குப் பின் சான்றிதழ் வெளியானது: 'கதவு இல்லை. சன்னல் இல்லை. மாடி இல்லை. குடியிருக்கத் தகுதியானது.' பின்னால் நின்ற ஐந்து மாடி, பதிவேட்டில் காலி மனை ஆயிற்று. பாதிரியார் சுவரின் முகவரியை எழுதிக்கொண்டு கல்யாணத்தை நடத்திவைத்தார்.

புகைபோக்கி துடைப்பவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, கரி இல்லை என்று கையெழுத்திட்டார். காப்பிக் கடை விமர்சகர்கள் கூட்டமாக வந்து உருகினார்கள்: "அநாவசியமானதை எல்லாம் நீக்கிட்டாங்க. குடியிருக்கிறவனைக்கூட!" வீட்டைக் கட்டிய கலைஞர் பொறாமையில் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

தபால்காரர் கடிதங்களைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். மழை படித்தது. போஜெனா பொங்கிவிட்டாள்.

"என்னங்க, அம்மா அனுப்பின பலகாரத்தைத் தபால்காரன் சுவத்து மேல வெச்சுட்டுப் போயிட்டான். அத்தனையும் புறா தின்னுடுச்சு! நான் உங்களைக் கட்டிக்கிட்டேனா, சுவத்தையா? வீட்டுக்கு எண் வாங்குங்க. இல்லேன்னா நான் அம்மாகிட்டப் போறேன்."

ஷிமெக் பாவம், பயந்தே போனார். சுவரும் வீடும் ஒன்றே என அறிவிக்கக் கோரி மனு போட்டார். சுவரின் சம்மதக் கடிதம் இணைக்கப்படவில்லை என்று திரும்பியது. மறுபடி போட்டார். பதின்மூன்று மாதம் போட்டுக்கொண்டே இருந்தார்.

1914 ஜூலைக் கடைசியில், சனிக்கிழமை, உத்தரவு வந்தேவிட்டது: எண் வீட்டுக்கே உரியது, சுவர் இடிக்கப்படட்டும். தகடுகளுக்குச் சமதளம்? இடித்த சுவரில் ஒரு துண்டை வாசலில் பதித்துக்கொள்ளலாமாம். ஷிமெக் அழுதேவிட்டார். வீட்டில் குடியிருந்த மற்றப் பதினோரு ஆண்களும் பீர் வாங்கி ஊற்றி, அவரைத் தோளில் தூக்கி முற்றத்தைச் சுற்றினார்கள். போஜெனா பிளம் பழக் கொழுக்கட்டை அவித்து மாடி மாடியாகக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை தபால்காரர் வந்தார். ஒட்டுவதற்குச் சுவர் இல்லை. வாசலில் பளபளத்த எண்ணைச் சரிபார்த்துக்கொண்டு, ஒழுங்காகப் படியேறிக் கதவைத் தட்டினார். கையில் பன்னிரண்டு உறைகள். சக்கரவர்த்தி எல்லோரையும் போருக்கு அழைத்திருந்தார். முதல் உறை ஷிமெக்குடையது.

"அடுத்த தெருவுல ஒரு புது வீடு இருக்கு. எண் இன்னும் கோப்புலயே கிடக்கு. அங்க யாருக்கும் ஓலை இல்லை," என்றார் தபால்காரர்.

மாடிப்படி முழுக்க ஆண்கள் உறையோடு நின்றார்கள். போஜெனா சுவரில் சாய்ந்து விம்மினாள். கீழ்த்தளத்துக் கசாப்புக்காரர் ஷிமெக்கின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஷிமெக், புண்ணியமாப் போகும். அந்தச் சுவரை மறுபடி கட்ட முடியாதா?"

"மனு கொடுங்க," என்றார் ஷிமெக், பழக்க தோஷத்தில். "பதிமூணு மாசத்துல ஆகிடும்."