எதிர்க்கட்சியின் தலையில் ஒரு சொம்புத் தண்ணீர்

ரைஸ்மில் முதலாளி ஐயா, நீங்கள் சொன்னது பொய். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பத்துப் பேர் காதுபடச் சொன்னீர்களாம்: "அந்த ஜட்காக்காரன் ஒரு கிறுக்கன். பர்மாக்காரிக்காகப் பரிஞ்சுகினு வந்ததும் பழக்க தோஷந்தான்." அந்தப் பர்மாக்காரி நான்தான். இன்னும் உயிரோடு இருக்கிறேன், பத்திரிகைக்கு எழுதவும் தெரியும்.

செங்கல்பட்டு ஜில்லாவிலேயே அந்த ஜட்காக்காரரைப்போல் வீம்புக்காரர் பிறந்ததில்லை. தெருவில் அவருக்குப் பெயர் எதிர்க்கட்சி. நாலு பேர் மழை வரும் என்றால் வண்டியின் படுதாவைச் சுருட்டிவிடுவார். மழை வந்து சவாரி நனைந்தால், "நாலு பேர் சொன்னாங்கன்னு பெய்யுது பாரு, மானங்கெட்ட மழை!" என்று வானத்தைத் திட்டுவார். முதல் தேர்தலில் கட்சிக்கொரு பெட்டி வைத்திருந்தார்கள். எந்தப் பெட்டியில் யாருமே போடவில்லை என்று சாவடியில் விசாரித்து, அதில் சீட்டைப் போட்டுவிட்டு வந்த மனிதர்.

நான் ரங்கூனில் பிறந்து வளர்ந்தவள். என் வீட்டுக்காரருக்கு இங்கே மரவாடியில் வேலை கிடைத்து, ஒரு தை மாதம் செங்கல்பட்டு ஸ்டேஷனில் இறங்கினோம். பேச்சு தமிழ்தான். மற்றபடி எனக்கு அது அசல் வெளிநாடு.

"ரைஸ்மில் முதலாளி வூட்டுக்குக் குடிவர்ற பர்மாக்காரங்களா?" என்றார் எதிர்க்கட்சி. "வரட்டும்னு தெருவே சொல்லிச்சு. நான் ஒருத்தந்தான் வேணாம்னேன். ஏறு, ஏறு. தலை இடிக்கும், பாத்துக் குந்து."

எனக்கும் அந்தத் தெரு பிடிக்கவில்லை. ரங்கூனில் பக்கத்து வீட்டுக்காரன் பெயர் தெரியவே வருஷமாகும். இங்கே பெட்டியை இறக்குவதற்குள், என் வீட்டுக்காரர் சம்பளத்திலிருந்து எனக்கு ஏன் இன்னும் குழந்தையில்லை என்பது வரை விசாரித்து முடித்துவிட்டார்கள். பல் துலக்கும்போதே ஜன்னலில் ஒரு முகம், "இன்னா கொழம்பு?" என்று கேட்கும். ரங்கூனில் காலைப் பலகாரம் வாசலில் வரும் கூடைக்காரியிடம்தான். அந்த நினைப்பில் ஒருநாள் தெருமுனையில் இட்லி வாங்கிவிட்டேன். "அடுப்பு எரியலியாமே, புருசனோட சண்டையா?" என்று மூன்று பெண்கள் துக்கம் கேட்க வந்துவிட்டார்கள். எதிர்க்கட்சி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும்தான் கேட்டுவிட்டார்களே!

மாசி மகத்துக்குத் தெருவே பஸ் பிடித்து மாமல்லபுரம் போனது. கடலைப் பார்க்கப் போன கூட்டத்தில் அவர் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"இன்னா அண்ணாத்த, கடலு அந்தாண்ட கீது!"

"இருக்கட்டுமே. நான் ஒருத்தன் பாக்கலன்னா வத்திடுமா?"

அந்தத் தண்ணீருக்கு அக்கரையில் என் ஊர். நான் நின்று அழுதுகொண்டிருந்தேன். எல்லோர் கண்ணும் அலைமேல் இருந்ததால் யாரும் பார்க்கவில்லை. பார்த்தவர் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த அவர் ஒருவர்தான். "காத்து ஜாஸ்தி, கண்ணுல மண்ணு விழும். தொடச்சிக்கம்மா" என்றார். அவ்வளவுதான்.

சித்திரை முதல் நாள் வந்தது. பர்மாவிலும் அதே சமயம்தான் வருஷப் பிறப்பு. அங்கே ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றுவோம். போன வருஷத்து அழுக்கெல்லாம் போகட்டும் என்று அர்த்தம். பெரியவர்களுக்கு மரியாதையாகக் கொஞ்சம் கூடவே ஊற்றுவோம். பட்டு வேட்டி கட்டிக் கோயிலுக்குக் கிளம்பிய உங்கள் தலையில், ஐயா, நான் ஒரு சொம்பு முழுக்க மரியாதை செய்தேன்.

"அய்யய்யோ! நல்ல நாளும் அதுவுமா, பொணத்துக்கு ஊத்தற மாதிரி ஊத்திட்டாளே!" என்று ஒரு அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். நீங்கள் திருநீறு வழிய நின்று, "சாயங்காலத்துக்குள்ள வூட்டைக் காலி பண்ணு" என்றீர்கள். தெரு மொத்தமும் "அதான் சரி" என்றது. எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. நாலு மாதக் கர்ப்பம் வேறு. விசாரித்தவர்களுக்குக்கூட நான் அதைச் சொல்லியிருக்கவில்லை.

அப்போது ஜட்கா வந்து நின்றது. எதிர்க்கட்சி இறங்கினார். தலைப்பாகையை அவிழ்த்துக் குதிரைமேல் போட்டார். நடுத்தெருவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் ஊத்தும்மா."

"யோவ், செத்தவனுக்கு ஊத்தறதுய்யா அது!" என்றீர்கள்.

"செத்தவனுக்கு ஊத்தி இன்னா பிரயோசனம்? அவனுக்குத் தெரியவா போவுது? உசுரோட கீறவனுக்கு ஊத்துனாத்தான் ஜில்லுனு கீது. ஊத்தும்மா, நீ ஊத்து."

ஊற்றினேன். அவர் "ஹா!" என்றார். சித்திரை வெயில். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு நாக்கு வறண்டது. முதலில் மாரில் அடித்துக்கொண்ட அம்மாவே வந்து தலையைக் குனிந்தாள். அப்புறம் வரிசையில் உங்கள் சம்சாரம் நின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வீட்டைக் காலி பண்ணும் பேச்சு அன்றோடு போயிற்று.

ஆவணியில் எனக்கு வலி கண்டபோது அவர் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தெருவே, "சீக்கிரம் ஓட்டுய்யா!" என்று கத்தியது. அவர் இறங்கிக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, வண்டி குலுங்காமல் வழிநெடுக நடந்தே வந்தார்.

இப்போது பதில் சொல்லுங்கள், முதலாளி ஐயா. அந்தச் சித்திரைக்குப் பிறகு தெருவே என்னைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. வெறும் பழக்க தோஷம் என்றால், மறுநாளே அவர் எனக்கு எதிராகத் திரும்பியிருக்க வேண்டுமே? சாகிற வரைக்கும் ஏன் திரும்பவில்லை? கல்யாணப் பந்தியில் வேண்டாம். இதே பத்திரிகையில், எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுங்கள்.