ஃபிரிட்ஜுக்கு ஓர் இடம்

குடைந்த சுவர் வழியாக ராஜம்மாவின் கட்டில் தெரிந்தது.

"இன்னா மேஸ்திரி இது?" என்றார் லோகநாதன்.

"ஓட்டை சார்," என்றான் இளங்கோ.

அயனம்பாக்கத்தில் லோகநாதனின் வீடு ரயில் பெட்டி மாதிரி. நீளம் உண்டு, அகலம் கிடையாது. சமையலறையில் ஃபிரிட்ஜைத் திறந்தால் ஆள் தாண்ட முடியாது. தை பிறந்தால் மருமகள் வந்துவிடுவாள். அதற்குள் சுவரைக் கொஞ்சம் குடைந்து ஃபிரிட்ஜை உள்ளே தள்ளிவிடலாம் என்று நினைத்தார். அது பக்கத்து வீட்டு ராஜம்மாவுக்கும் பொதுச்சுவர். ராஜம்மா வேப்பம்பட்டில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். லோகநாதன் வீட்டு போர்வெல் வற்றியதிலிருந்து அவள் குழாய்த் தண்ணீரில்தான் இங்கே உலை கொதித்தது.

"அடைச்சுடுப்பா."

"அடைச்சா ஃபிரிட்ஜ் போவாது சார். ஃபிரிட்ஜை வச்சே அடைச்சுடலாம்."

அடைத்தார்கள். கச்சிதமாக உட்கார்ந்தது. அதன் முதுகு மட்டும் ராஜம்மாவின் படுக்கையறையில் நீட்டிக்கொண்டிருந்தது.

செடிக்குத் தண்ணீர் ஊற்ற ராஜம்மா கொடுத்த சாவி லோகநாதனின் மனைவி வரலட்சுமியிடம் இருந்தது.

"நம்பிக் குடுத்த சாவிங்க," என்றாள் கணவரிடம்.

"அதனாலதான் பூட்டை உடைக்காம போறோம்."

ராஜம்மாவின் பீரோவை இழுத்து ஃபிரிட்ஜின் முதுகுக்கு முன்னால் நிறுத்தினார்கள். இழுத்த இழுப்பில் தரையில் ஒரு டைல்ஸ் உடைந்தது. அதை மறைக்கக் கட்டிலை நகர்த்தினார்கள். இப்போது அறைக்கதவு கட்டில் காலில் இடித்தது. பூனை நுழையும் அளவுக்குத்தான் திறந்தது.

"கதவைக் கழட்டி வெளிப்பக்கமா திறக்குற மாதிரி மாட்டிக்கலாம்," என்றார் லோகநாதன்.

"மாட்டிக்கலாம் சார். அவங்க எப்போ வர்றாங்க?"

"அடுத்த வாரம்."

வாசலில் ஆட்டோ நின்றது.

ராஜம்மா பையோடு உள்ளே வந்தபோது இளங்கோ கழற்றிய கதவைத் தழுவிக்கொண்டு நின்றான். ராஜம்மா கட்டிலைப் பார்த்தாள். பீரோவைப் பார்த்தாள். பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

வரலட்சுமி கணவரின் முதுகில் குத்தினாள். இனிமேல் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்க வேண்டியதுதான் என்று லோகநாதனுக்குத் தோன்றியது.

"அக்கா, நடந்தது இன்னான்னா..."

"நீ ஒண்ணியும் சொல்லாத தம்பி." ராஜம்மா கட்டிலில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"எங்க ஊடு கட்டசொல்லோ உங்க எடத்துல ரெண்டடி தள்ளித்தான் சுவரு எழுப்பினோம், எப்படியோ அளந்து கண்டுபுடிச்சுட்டீங்க, மிச்சத்தையும் இடிச்சு எடுத்துக்கோங்க, போலீசுக்கு மட்டும் போவாதீங்க."