என் சைக்கிளில் ஏறிய இன்ஜின்

பிறர் பொருளை எடுத்துக்கொள்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. எடுத்து, திருத்தி, அதற்குப் பாராட்டும் எதிர்பார்ப்பவர் ஐம்பதுகளின் ஓசூரில் ஒருவர்தான் இருந்தார். அவரோடு ஒரே அறையில் குடியிருந்தவன் நான்.

கிராமம் கிராமமாகப் போய் அம்மை குத்துவது அவர் உத்தியோகம். ஊரார் வைத்த பெயர் அம்மைகுத்தியார். நான் பத்திரப்பதிவு அலுவலகக் குமாஸ்தா. வாரந்தோறும் எண்ணெய் விட்டுத் துடைத்த சைக்கிளுக்குச் சொந்தக்காரன். தம்முடைய சைக்கிள் உடைந்துபோனதால் என்னுடையதை இரவல் வாங்கிப் போனார்.

திரும்பி வந்தபோது கேரியரைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு குட்டி இன்ஜின் உட்கார்ந்திருந்தது. பெங்களூரில் பழசாக வாங்கினாராம். அதன் அடியில் ஓர் உருளை. அது பின் டயரை அழுத்திச் சுழற்றும்.

"என்னய்யா இது?"

"இனிமே மிதிக்கவே வேணாம் சார்! ஒரு டீ வாங்கிக் குடுங்க."

"என் சாப்பாட்டை எங்கே கட்டுவேன்?"

"இன்ஜின் மேலயே வெச்சுக்கோங்க. சோறு ஆறவே ஆறாது."

அப்போது தளிப் பக்கம் ஒரு கிராமத்தில் அம்மை கண்டிருந்தது. பக்கத்து ஊர்க் குழந்தைகளுக்கு உடனே குத்தியாக வேண்டும். ஆனால் இவர் போகுமுன்னே இன்ஜின் தண்டோரா போட்டுவிடும். "பந்த, பந்த!" (வந்துட்டான்) என்று கன்னடத்தில் கத்தியபடி தாய்மார்கள் பிள்ளைகளோடு ஓடைப்பக்கம் மறைந்துவிடுவார்கள். காலி வீடுகளைப் பார்த்துவிட்டு வந்தார். இன்ஜினைக் கழற்றுவதுதானே நியாயம்?

ஞாயிற்றுக்கிழமை என்னை எழுப்பினார். "நான் பஸ்ல முன்னாடி போறேன். நீங்க இதுல ஊருக்குள்ள வாங்க, போதும்."

"எனக்கு ஓட்டத் தெரியாதே!"

"அதுவே ஓடும் சார்."

ஓடியது. நிறுத்துவது எப்படி என்று மட்டும் அவர் சொல்லவில்லை. ஊரைச் சுற்றிச் சுற்றி வந்து, கேழ்வரகுப் போரில் மோதி நின்றேன். தெருவில் ஓர் ஆள் இல்லை. தலையெல்லாம் வைக்கோலோடு, அவரைத் திட்டுவதற்கென்றே ஓடைக்கு நடந்தேன்.

ஓடைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையை மறித்து, மடியில் ஊசிப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். எதிரே ஊரே மூச்சு வாங்கி நின்றது. காட்டில் பறையடித்து மிருகத்தை விரட்டும் வேலைக்கு என்னை வைத்திருக்கிறார்!

"ஓடி வந்து களைச்சிட்டீங்க, பாவம். உக்காந்து கையக் காட்டுங்க."

இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் என்னைச் சுட்டினாள். "மொதல்ல உன் ஆளுக்குக் குத்து, பாக்கலாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் சட்டைக் கை மேலேறிவிட்டது.

"சார், சிரிச்ச முகமா இருங்க. புள்ளைங்க பாக்குது."

சிரித்தேன். இந்த அநியாயத்தை யாரிடம் சொல்வது? அந்தப் பெண் உட்கார்ந்து குழந்தையின் கையை நீட்டினாள். பின்னால் ஊர் உட்கார்ந்தது. அந்த ஊருக்குள் அம்மை வரவேயில்லை.

சைக்கிள் ஒருவழியாக இன்ஜின் இல்லாமல் திரும்பியது. பின் டயர் வழுக்கை. திரும்ப மாட்டிய கேரியருக்கு, நான் கேட்காமலே, பச்சை வண்ணம் அடித்திருந்தார்.

அவர் மாற்றலாகிப் போய்ப் பல வருஷமாகிறது. தெருவில் எந்த வண்டி படபடத்தாலும் எனக்கு இன்றும் கோபம்தான் வருகிறது. கூடவே, எழுந்து போய் யாரென்று பார்க்கிறேன்.