லகானும் குதிரைப் பலகையும்

பெங்களூர் விமான நிலையத்துக்கு மரியாதை கற்றுக்கொடுத்த ஆள் யார் என்று என்னைக் கேட்டால், எந்த மந்திரியின் பெயரையும் சொல்லமாட்டேன். எந்த என்ஜினீயரின் பெயரும் என் வாயில் வராது. ‘லகான்’ என்றுதான் சொல்வேன். அது அவருடைய சொந்தப் பெயரல்ல. சொந்தப் பெயர் டிக்கெட்டில் இருந்திருக்கும். அந்த டிக்கெட்டை எழுதியவனே நான்தான் என்றாலும் இப்போது எவ்வளவு தலையைச் சொறிந்தாலும் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. ரேஸ் கோர்ஸில் இருந்த குதிரைகளுக்கும் சரி, விமான நிலையத்தில் படுத்திருந்த நாய்க்கும் சரி, அவர் லகான்தான்.

ஐம்பதுகளின் கடைசியில் அங்கே பயணிகள் கவுண்டரில் எனக்கு வேலை. பெரிய கட்டடம் என்று யாரும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு நீளக் கொட்டகை, முன்னால் ரோஜாத் தோட்டம், ஒரு காபி கேன்டீன், வழியனுப்ப வந்தவர்கள் தொற்றிக்கொண்டு கையாட்ட ஒரு கம்பி வேலி. அவ்வளவுதான். அவ்வப்போது ஒரு டகோட்டா விமானம் வந்து இறங்கும், ஏறும். பயணிகளையும் பெட்டிகளையும் தராசில் நிறுத்தி எடை பார்ப்போம். பருத்த சீமாட்டிகள் தராசில் ஏறும்போது நான் தோட்டத்து ரோஜாக்களைப் பார்க்கவேண்டும் என்பது எழுதாத சட்டம்.

எழுதிய சட்டங்களுக்கெல்லாம் காவல் எங்கள் சூப்பிரண்டு. மல்லேஸ்வரத்துக்காரர். அப்பா, தாத்தா எல்லாரும் மைசூர் சர்க்காரில் உத்தியோகம் பார்த்தவர்கள். எதைக் கேட்டாலும் ‘ரூல்ஸ்ல இல்லையே’ என்று தமிழில் தொடங்குவார். பதற்றம் ஏறினால் முடியாது என்பதை ‘ஆகோதில்ல, ஆகோதில்ல’ என்று கன்னடத்துக்குத் தாவிச் சொல்வார். அவர் கன்னடத்துக்குப் போய்விட்டார் என்றால் அன்றைக்கு விமானம் தாமதம் என்று நாங்கள் புரிந்துகொள்வோம்.

இந்த இடத்துக்குத்தான் லகான் வந்து சேர்ந்தார். ஒரு காலத்தில் பேர்போன ஜாக்கி. கன்டோன்மென்ட் பக்கம் சூளையில் பிறந்து, நடக்கப் பழகுமுன்பே குதிரையில் ஏறியவர் என்று சொல்வார்கள். ஒரு பந்தயத்தில் குதிரையும் அவரும் சேர்ந்து விழுந்தார்கள். குதிரை எழுந்துகொண்டது. அவருடைய கால்கள் எழவில்லை. ஆனால் லாயத்துக் குதிரைகள் வேறு யார் பேச்சையும் கேட்க மறுத்துவிட்டதால் முதலாளி அவரையே பயிற்சியாளராக வைத்துக்கொண்டார். சைக்கிள் சக்கரம் பூட்டிய ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் சவுக்கை வைத்துக்கொண்டு ஊரை வலம் வந்தார். அந்தச் சவுக்கால் யாரையும் அடித்ததில்லை. வலப்பக்கச் சக்கரத்தைத் தட்டினால் தள்ளுகிறவன் வலப்பக்கம் திரும்ப வேண்டும். இரண்டையும் தட்டினால் நிற்க வேண்டும். ஆள் ஒரு சாக்கு மூட்டை அளவுதான் இருப்பார். குரல் மட்டும் ஓடுபாதையின் அந்தக் கோடிவரைக்கும் கேட்கும்.

மெட்ராஸ் ரேஸுக்காக முதன்முதலாக விமானம் ஏற வந்தார். தராசில் நாற்காலியோடு ஏற்றி நிறுத்தினோம். நாற்காலியின் எடையைத் தன் கணக்கில் சேர்க்கக்கூடாது, ஜாக்கி வாழ்நாள் முழுக்க எடைக்குப் பயந்தவன் என்று ஒரு பெரிய வழக்காடினார். அது முடிந்து விமானத்தடிக்குப் போனபோதுதான் எங்களுக்கு உறைத்தது. ஏணியில் இவரை எப்படி ஏற்றுவது?

சுமை ஏற்றும் ஆட்களின் தலைவன் மாரி யோசிக்கவே இல்லை. இன்னும் மூன்று பேரைக் கூப்பிட்டான். கைக்கு ஒருவர், காலுக்கு ஒருவர். லகான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் அந்தரத்தில் இருந்தார். ஒரு பூட்ஸ் கழன்று விழுந்தது. சட்டை மேலேறி வயிறு தெரிந்தது. கதவு குறுகல் என்பதால் திருப்பிப் பிடித்து, கால்மாட்டை முதலில் உள்ளே விட்டார்கள். இருக்கையில் வைத்ததும் அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மாரியைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

“நாலு பேர் தூக்குற நேரம் எனக்கு இன்னும் வர்லப்பா.”

விமானத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மாரி சிரிக்கவில்லை. கீழே இறங்கி வந்து, விழுந்த பூட்ஸை எடுத்துத் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

அடுத்த முறை யாரும் தன்னைத் தொடக்கூடாது என்று கட்டளை போட்டுவிட்டார். ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து, விமானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைகளை ஊன்றி ஒவ்வொரு படியாக மேலேறினார். டகோட்டாவின் ஏணி குட்டை ஏணி. அதை அவர் திருப்பதி மலை மாதிரி ஏறினார். ஒவ்வொரு படியிலும் இளைப்பாறி, கீழே வரிசையில் நின்றவர்களிடம் ஊர் பேர் விசாரித்தார். நடுப்படியில் கேன்டீனிலிருந்து காபி வரவழைத்துக் குடித்தார். என்ன தாமதம் என்று பார்க்க வந்த கேப்டன் கதவில் நின்று, தன் காலடியில் ஒருவர் ஆற அமரக் காபி ஆற்றுவதைக் கண்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார். சூப்பிரண்டு கன்னடத்துக்குப் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. விமானத்தைத் தாமதப்படுத்தியதாக அவர் குற்றம்சாட்டியபோது லகான் அடக்கமாகவே பதில் சொன்னார். தாமதம் தன்னுடையதல்லவாம், ஏணியுடையதாம்.

இப்படியே சில மாதம் போயிற்று. அப்புறம்தான் குதிரை வந்தது.

பம்பாய்க்குப் போகவேண்டிய பந்தயக் குதிரை. லகான் வளர்த்தது. அதற்கென்று ஒரு சரக்கு விமானம். அந்தக் குதிரைக்கு நாங்கள் செய்த உபசாரத்தை நான் எந்தக் கல்யாணத்தில் சம்பந்திக்கும் செய்து பார்த்ததில்லை. நீளமான மரப்பலகை ஒன்றைச் சரிவாகச் சாய்த்து, கால் வழுக்காமலிருக்கத் தேங்காய்நார்ப் பாய் விரித்து, இரண்டு பக்கமும் தடுப்பு வைத்தார்கள். வெல்லம் வந்தது. வாளியில் தண்ணீர் வந்தது. யாரும் உரக்கப் பேசக்கூடாது என்று சூப்பிரண்டு ஊமைச் சைகையால் உத்தரவு போட்டார். நாயைக்கூடக் கட்டிப்போட்டோம்.

குதிரை ஏற மறுத்தது. பலகையில் ஒரு காலை வைக்கும், எடுக்கும். ஆளாளுக்குக் கெஞ்சினார்கள். கடைசியில் லகான், தான் முன்னால் போனால் அதுவும் வரும் என்றார். மாரி நாற்காலியைப் பலகையில் தள்ளிக்கொண்டு போனான். குதிரை அவருடைய பிடரியை முகர்ந்தபடி கன்றுக்குட்டி போலப் பின்னாலேயே உள்ளே போய்விட்டது.

குதிரையைக் கட்டிவிட்டுத் திரும்ப இறங்கி வந்தவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. லகான் வாயை மூடிக்கொண்டு இருந்ததை அன்றுதான் பார்த்தேன். எல்லாரும் பயந்துபோய்விட்டோம். சூப்பிரண்டே பக்கத்தில் போய் உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

“ஒண்ணுமில்ல சார். பிளேனுக்குள்ள மூஞ்சி முன்னாடி பாத்துக்கினு போனது இன்னிக்குத்தான்” என்றார் லகான். பிறகு பலகையைச் சவுக்கால் காட்டினார். “செவ்வாக்கெழம நான் மெட்ராஸ் போறேன். அன்னிக்கு இது சும்மாதான கெடக்கும்?”

சூப்பிரண்டுக்கு ஆசைதான். ஆனால் ரூல்ஸ்? பலகை சரக்குப் பிரிவின் சொத்து. உயிருள்ள பிராணிகளுக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறது. அப்படியென்றால் தன்னைப் பிராணி என்று எழுதிக்கொள்ளச் சொன்னார் லகான். சூப்பிரண்டு அதையும் பொறுப்பாக யோசித்தார். பிராணி என்றால் கால்நடை மருத்துவர் சான்றிதழ் வேண்டுமே என்றார். அத்தோடு விஷயம் முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம்.

செவ்வாய்க்கிழமை லகான் சான்றிதழோடு வந்தார். ரேஸ் கோர்ஸ் மருத்துவர் கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்திருந்தார். ஆண். நடுத்தர வயது. பற்கள் நல்ல நிலையில் உள்ளன. கடிக்கும் வழக்கமில்லை. உதைக்கும் வழக்கமில்லை. ஆகாய மார்க்கமாகக் கொண்டுசெல்லத் தகுதியானது. சூப்பிரண்டு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார். உதைக்கும் வழக்கமில்லை என்ற இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

“டாக்டர் பொய் சொல்ல மாட்டார் சார். ஒதைக்க எனக்கு ஆசதான். முடியல” என்றார் லகான்.

சூப்பிரண்டு அந்தக் காகிதத்தைப் பார்த்தார். லகானைப் பார்த்தார். லகானே முதலில் சிரித்தார். அப்புறம்தான் அவர் சிரித்தார். சிரிப்பு என்றால் சாதாரணச் சிரிப்பல்ல. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து, மறுபடி போட்டு மறுபடி சிரித்தார். ‘பலகையைப் போடுங்கப்பா’ என்றார். அன்று லகான் முகத்தை முன்னால் வைத்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு விமானத்துக்குள் போனார். கதவோரத்துக் கடைசி இருக்கை அவருக்கு என்று ஆயிற்று. நாற்காலி பெட்டிகளோடு போயிற்று.

பலகை கிடைத்தால் மனிதர் அடங்கிவிடுவார் என்று எதிர்பார்த்தோம். அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தார். கேன்டீன் மேடை உயரமாம். காபி போடுகிறவரின் இடுப்பு வார் மட்டும்தான் தனக்குத் தெரிகிறதாம், அதனிடம் சர்க்கரை குறைவு என்று எப்படிச் சொல்வது? மேடையின் ஒரு பக்கம் தாழ்ந்தது. கழிவறைக் கதவுக்குள் நாற்காலி நுழையவில்லை. கதவைக் கழற்றித் திரை போட்டார்கள். ஒருநாள் காற்றடித்துத் திரை பறந்ததில் உள்ளே இருந்த ஒரு தாசில்தார் ஊருக்கே தரிசனம் கொடுத்தார். மறுவாரமே தச்சன் வந்து வாசலை அகலப்படுத்திப் புதுக் கதவு மாட்டினான். மாரிக்கும் அவன் ஆட்களுக்கும் தனிப் பாடம் நடந்தது. முதலில் முன்னால் வந்து நிற்கவேண்டும், பேரைச் சொல்லவேண்டும், எங்கே பிடிக்கலாம் என்று கேட்கவேண்டும். குதிரையைக்கூடப் பின்னாலிருந்து வந்து தொடமாட்டோம் என்பார். பார்வையில்லாத ஒரு பாதிரியார் வந்தபோது மாரி முன்னால் போய் நின்று, பேரையும் ஊரையும் சொன்னதோடு, பெண்டாட்டி பிள்ளைகளின் பேர்களையும் ஒப்பித்துவிட்டுத்தான் கையைக் கொடுத்தான்.

கமலாவைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

தோட்டத்து ஓரத்தில் ஒரு மரத்தடி நிழலை லகான் தன் லாயம் என்று உரிமை கொண்டாடி வந்தார். ஒருநாள் அங்கே ஒரு கார் நின்றிருந்தது. சண்டைக்குப் போனவர், சண்டை போடாமல் வெகுநேரம் கார் ஜன்னலோரமே இருந்துவிட்டார். பின்சீட்டில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி. சின்ன வயசில் வந்த காய்ச்சலில் இரண்டு கால்களும் போனவள். மல்லேஸ்வரத்து வீடு, வாசல், எப்போதாவது இந்தக் கார். அதுதான் அவள் பார்த்த உலகம். அண்ணன் யாரையோ வழியனுப்ப வந்தபோது விமானம் பார்க்கிற ஆசையில் கூட வந்திருந்தாள். மெட்ராஸில் தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது. ரயிலேற முடியாது. விமானத்தில் யார் யாரோ ஆண்கள் தூக்கவேண்டியிருக்கும், அதற்குப் போகாமலே இருந்துவிடலாம் என்றாள்.

“உன்ன யாரும்மா தூக்கப் போறது? நீ ஓட்டிக்கினு போ” என்றார் லகான்.

அண்ணனை அவர் எப்படிச் சம்மதிக்கவைத்தார் என்பது தனிப் புராணம். அந்த ஆள் சம்மதித்தது அந்தக் குரலிலிருந்து தப்பிக்கத்தான் என்பது என் கட்சி. புறப்படுகிற நாளும் வந்தது. கமலாவிடம் சக்கர நாற்காலி கிடையாது. வீட்டில் அம்மாவும் மன்னியும்தான் பிடித்து உட்காரவைப்பார்கள். லகான் தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டுக் கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

விமானம் வந்து நின்றது. பலகையைக் காணோம். முந்தின நாள் ஒரு முரட்டுக் குதிரை மிதித்து உடைத்ததால் அதைச் செப்பனிட ரேஸ் கோர்ஸுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அண்ணன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

கமலா தலை நிமிராமல் சொன்னாள். “எங்காத்துல இன்னொரு தடவைங்கறது கிடையாதுண்ணா. உனக்கே தெரியும்.”

பெஞ்சிலிருந்த லகான் ஆத்திரத்தில் எழப் பார்த்து, முடியாது என்பது ஞாபகம் வந்து உட்கார்ந்தார். சூப்பிரண்டு விறுவிறுவென்று விமானத்தடிக்குப் போனார். கேப்டனோடு பேசுவது தெரிந்தது. ‘ஆகோதில்ல, ஆகோதில்ல’ என்று காற்றில் வந்தது. போச்சு என்று நான் நினைத்தேன். மாரி ஓடிப்போய்க் கேட்டுவிட்டு, பல்லெல்லாம் தெரிய ஓடிவந்தான். பலகை வராமல் விமானத்தை அனுப்ப ஆகோதில்ல என்று சூப்பிரண்டு சொல்கிறாராம்.

ரேஸ் கோர்ஸுக்குப் போன் பறந்தது. குதிரை ஏற்றும் லாரியில், அவசரமாகச் செப்பனிட்ட பலகை வந்து சேர்ந்தது, வைக்கோலும் சாணியுமாக. மாரி அதன்மேல் தன் தலைத்துண்டை விரித்துத் துடைத்தான். கமலா சக்கரங்களைத் தானே பிடித்து உருட்ட, அவன் பின்னால் ஒரு கை மட்டும் கொடுத்தான். பலகையின் நடுவில் நிறுத்தச் சொல்லித் திரும்பிப் பார்த்தாள். வேலியோரத்தில் யார் யாருக்கோ கையாட்டிக்கொண்டிருந்த ஜனங்கள் எல்லாரும் அவளுக்குக் கையாட்டினார்கள். அவளும் ஆட்டினாள். ஒருவரையும் அவளுக்குத் தெரியாது.

லகான் அதே லாரியில் வைக்கோல்மேல் உட்கார்ந்து சூளைக்குப் போனார். அவள் திரும்பும்வரை கட்டிலிலேயே இருந்து, குதிரைகளைத் தன் வீட்டு வாசலுக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்தாராம். தெருவில் யாரும் தூங்கவில்லை என்று கேள்வி. கமலா திரும்பி வந்தபோது நாற்காலியில் புது மெத்தை தைத்துப் போட்டிருந்தாள். கொஞ்ச நாளில் அவளுக்கென்று ஒரு நாற்காலி வந்தது. அதற்கப்புறம் அவள் வீட்டில் நிற்பதே இல்லை, மார்க்கெட்டில் கறிகாய்க்காரர்களோடு பேரம் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று அண்ணன் என்னிடம் புகார் சொன்னார். முகத்தில் புகார் இல்லை.

பிறகு லகானின் முதலாளி லாயத்தைப் பூனாவுக்கு மாற்றினார். லகானும் போனார். கடைசி நாளிலும் தராசில் நாற்காலியின் எடைக்கு வழக்காடி, கேன்டீன் காபியைத் திட்டி, வேலியோரம் நின்றவர்கள் அத்தனை பேருக்கும் கையாட்டிவிட்டுத்தான் பலகையில் ஏறினார். விமானம் மேகத்துக்குள் மறைந்தது. நாங்கள் கவுண்டருக்குத் திரும்பினோம்.

மறுநாள் காலை சூப்பிரண்டு என் மேசைக்கு வந்து நின்று, “என்னய்யா, இடமே சத்தமில்லாம இருக்கு?” என்றார்.

வெளியே டகோட்டா இரண்டு என்ஜினும் முழங்க நின்றுகொண்டிருந்தது. ஆமாம் சார், இருக்கு என்றேன்.