முழங்கை வரை நனைந்த கை

சேசு மரி சூசை துணை

வில்லியனூர் ரயிலடி,
14-7-1958, திங்கட்கிழமை

காரைக்காலில் வாழும் மகாகனம் பொருந்திய மச்சான் சூசைநாதன் அவர்கள் சமூகத்துக்கு, கரிக்கலாம்பாக்கம் சவரிராயன் எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் நான் சுகம், தங்கள் தங்கை சுகம், குழந்தை இன்பமேரி சுகம், மாடு கன்று சுகம். தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாயிருக்கச் செபிக்கிறேன். தங்களைப் போல ஒரு மச்சான் என் விரோதிக்கும் வாய்க்கக் கூடாது என்று அதோடு சேர்த்தே செபிக்கிறேன்.

போன மாதம் தாங்கள் எழுதிய காகிதம் இப்போது என் மடியில் இருக்கிறது. இன்பமேரிக்கு வில்லியனூரில் நல்ல இடம், பையன் பெயர் பவுல்ராஜ், தகப்பன் இல்லை, தாயார் செலின் மேரி சொந்தத் தொழில் செய்கிறார், ரயிலடிப் பக்கம் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள் என்று எழுதினீர்களே, அந்தச் சொந்தத் தொழில் என்ன தொழில் என்று இன்னும் ஒரு வார்த்தை எழுதியிருந்தால் தபால்காரன் தங்களைக் கடித்திருப்பானா? அந்த ஒரு வார்த்தை இல்லாததால்தான் நான் இன்று இந்தக் கதியில் இருக்கிறேன்.

போன வருஷம் நடந்தது தங்களுக்குத் தெரியாததல்ல. பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா, பென்ஷன் வருகிறது என்று ஒரே மத்தியானத்தில் விசாரித்து முடித்து, அவர்கள் வீட்டில் பாயசம் குடித்துக் கை நனைத்து, கோயிலில் இரண்டு முறை கலியாண ஓலை வாசித்து அறிவித்த பிறகு, அவனுக்குச் சைகோனில் ஒரு பெண்சாதியும் இரண்டு பிள்ளைகளும் இருப்பது தெரிந்தது. அன்றைக்கு இன்பமேரி அழவில்லை. “ஏழையா இருந்தாலும் பரவால்லப்பா, பொய் சொல்லாத ஆளான்னு மட்டும் பாத்துட்டு வா” என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். இனிமேல் உன்னைக் கேட்காமல் எந்த வீட்டிலும் கை நனைக்கமாட்டேன் என்று மாதா படத்தின் மேல் கை வைத்து அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்தேன். சம்பந்தம் பேசப் போன வீட்டில் ஒரு வாய் குடித்தாலும் சம்மதம் என்றுதான் அர்த்தம், இதை நான் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. என் தகப்பனார் வெயில் தாங்காமல் தங்கள் வீட்டில் ஒரு டம்ளர் மோர் குடித்தார், அதன் பலனை இருபத்தைந்து வருஷமாக நான் அனுபவித்து வருகிறேன். இந்த வரியை யாருக்கும் படித்துக் காட்ட வேண்டாம்.

ஆகையால் இந்த முறை நாலு நாள் தங்கி, ஆள் தெரியாமல் விசாரிப்பது என்று முடிவு செய்து, போன வியாழக்கிழமை பொழுது சாய வந்து இறங்கினேன். ஊர்க் கோடியில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டல், தங்கவும் இடம், சாப்பாடும் உண்டு, வாடகையும் கொஞ்சம். வாசலில் உட்கார்ந்திருந்த முதலாளியம்மாள் ஒரு நீள நோட்டைத் திருப்பி, “பேரு இன்னாண்ணே?” என்றார். உத்திராபதி, மாட்டு வியாபாரி, காரைக்கால் என்று பொளந்து கட்டினேன். “பிரெஞ்சா, இந்தியாவா? எழுதிக்கணும்” என்றார். நம் சீமை யாருக்கு என்பதை இன்னும் பாரீசிலேயே முடிவு பண்ணவில்லையாமே, என்னைக் கேட்டால் எப்படி என்றேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டு ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

அறை என்றால் நாலு பக்கமும் சுவர் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இங்கே மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் ஓலைத் தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிழட்டுச் சொல்தா தூக்கத்தில் பிரெஞ்சில் உத்தரவு போடுவார், இந்தப் பக்கம் நான் எழுந்து நிற்பேன். கட்டிலோ நடுவில் தரையைத் தொடுகிறது, கூட்ஸ் வண்டி போகும்போது அது தானாக நகர்ந்து கதவை அடைத்துக்கொள்கிறது, காலையில் வெளியே வர நான் கட்டிலோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது, மூட்டைப்பூச்சிகளைப் பற்றி எழுதினால் தபால் தலை இன்னொன்று ஒட்ட வேண்டிவரும். ஆனால் மச்சான், சாப்பாடு என்றால் அதுதான் சாப்பாடு. முதல் ராத்திரி இலை முன்னால் உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் கை தானாக நெற்றிக்குப் போய் நெஞ்சுக்கு இறங்கிவிட்டது. நான் உத்திராபதி என்பது அப்போதுதான் நினைவு வந்து, மிச்சத்தைச் சொறிகிற மாதிரி முடித்தேன். “பூச்சி கடிச்சிடுச்சாண்ணே?” என்று முதலாளியம்மாள் கேட்டார். ஆமாம் என்றேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நமக்குக் கறி ஆகாது, மீன் ஆகும். அந்த வீட்டிலும் கொடுவா மீன் குழம்பு கொதித்தது, வாசனை கேட்டைத் தாண்டிப் போயிற்று. என் இலையில் மட்டும் பூசணிக்காய்! “நீங்க வெள்ளிக்கிழம சைவமா இருப்பீங்கன்னு தனியா வச்சேண்ணே” என்றார் அந்த அம்மாள். சொல்தா என் எதிரில் உட்கார்ந்து முள்ளை ஒவ்வொன்றாக உறிஞ்சினார். பூசணிக்காயை விழுங்கிப் பார்த்தேன், முடியவில்லை. எங்கள் சாமி மீனை ஒன்றும் சொல்லாது என்று இலையை நீட்டிவிட்டேன். பொய்ப் பெயருக்கு நான் கட்டிய அபராதம் அந்த இரண்டு துண்டுப் பூசணிதான், பாக்கியை, பாவசங்கீர்த்தனத்தில் குற்றத்தைச் சொல்லும்போது சாமியார் கொடுப்பார்.

சனிக்கிழமைதான் வந்த வேலையில் இறங்கினேன். கிணற்றடியில் இருபத்தாறு, இருபத்தேழு வயசில் ஒரு ஆள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். ஓட்டலில் தண்ணீர் இறைப்பது, காய் நறுக்குவது, இலை எடுப்பது எல்லாம் அவன்தான், சொல்தாவுக்கு வெந்நீர் போட்டுக் கால் தேய்த்துவிடுவதும் அவன்தான். இந்தப் பக்கம் பவுல்ராஜ் என்று ஒரு பையன் இருக்கிறானாமே, எப்படி என்று மெதுவாகக் கேட்டேன். கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டான்.

“எதுக்குக் கேக்கறீங்க?”

“தெரிஞ்சவர் ஒருத்தர் பொண்ணு குடுக்கலாமான்னு இருக்காரு.”

“அப்படின்னா உண்மையச் சொல்லணும்” என்றான். “காலைல சீக்கிரம் எழுந்திரிக்க மாட்டான், அவங்கம்மா மூஞ்சில தண்ணி தெளிக்கணும். கோவம் வந்தா ரெண்டு நாளு யாரோடவும் பேச மாட்டான். மில்லுல வேல கெடச்சுது, மேஸ்திரிகூட சண்ட போட்டுட்டு வந்துட்டான். பாட்டு வேற பாடுவான், கேக்க முடியாது.”

“நல்லது ஒண்ணுமே இல்லியா?”

“அத வேற யாரையாச்சும் கேளுங்க. குத்தத்த முன்னாடியே சொல்லிடணும். இல்லன்னா அந்தப் பொண்ணு வந்து கண்ண கசக்கும்.”

எனக்குப் பவுல்ராஜ் மேல் வெறுப்பும், இந்த ஆள் மேல் ஆசையும் ஒரே நேரத்தில் வந்தன. தண்ணீர் இறைக்கிறவனாக இருந்தால் என்ன, மாப்பிள்ளை என்றால் இவனல்லவா மாப்பிள்ளை, இந்த மச்சான் கண்ணுக்கு ஒரு சோம்பேறிதான் அகப்பட்டானா என்று தங்களை அங்கேயே நின்று திட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தப்பவிட்டால் சாவான பாவம். விடியற்காலையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய்க் கடைசித் தூணுக்குப் பின்னால் முழங்காலிட்டேன். பூசை முடிந்து எழுந்து திரும்பினால், முதலாளியம்மாள் முக்காட்டோடு நிற்கிறார், பக்கத்தில் தண்ணீர் இறைக்கிறவன், தலை வாரி, வெள்ளைச் சட்டையில்.

“உத்திராபதி அண்ணே, பூச எப்படி இருந்துச்சு?” என்றார் அந்த அம்மாள். தலையில் கிடந்த துண்டை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். “நெத்தி, நெஞ்சு, எடது தோளு, வலது தோளுன்னு வரிசையா பூச்சி கடிச்சு நான் பாத்ததேயில்லண்ணே. அன்னிக்கே தெரிஞ்சிபோச்சு. நான்தான் செலின் மேரி. இவன் பவுல்ராஜ்.”

பவுல்ராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு, “பாட்டு அவ்ளோ மோசமா இருக்காதுங்க” என்றான்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள் மச்சான். சத்தியம் செய்து கொடுத்துவிட்டு வந்தவன், மாப்பிள்ளை வீட்டிலேயே தங்கி, வியாழன் ராத்திரியிலிருந்து மூன்று வேளையும் உட்கார்ந்து தின்றிருக்கிறேன். நனைந்தது கை அல்ல, முழங்கை வரை நனைந்திருக்கிறது. காசு கொடுத்துச் சாப்பிட்டால் அது ஓட்டல் சாப்பாடு, கை நனைத்ததாகாது என்று நான் வாதாடினேன். செலின் மேரி அம்மாள் அறை வாடகையை வாங்கிக்கொண்டு, சாப்பாட்டுக் காசைத் தொடமாட்டேன் என்கிறார். அவர் வாங்காமல் நான் கிளம்பினால் சம்மதம் சொன்னதாகிவிடும். கிளம்பாமல் இருந்தால் பசிக்கிறது. நேற்று மத்தியானம் பட்டினி கிடந்து பார்த்தேன், கறிக்குழம்பு வைத்துவிட்டார்கள்.

பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் என் துக்கம். மகளைக் கேட்காமல் இரண்டாம் முறையும் முடிவு செய்த தகப்பன் என்று அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஆகையால் இந்தக் காகிதம் கண்டதும் தாங்கள் முதல் வண்டியில் ஏறி வந்து, நாலு பேர் முன்னால் இது கை நனைத்ததல்ல என்று தீர்ப்புச் சொல்லி, சம்பந்தத்தை நிறுத்தி, என்னை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது.

அக்காவுக்குத் தோத்திரம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். தாங்கள் வயதில் மூத்தவர் என்பதால் தங்களுக்கும் ஒரு கும்பிடு, வேறு காரணம் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
கட்டிலோடு போராடும் தங்கள் மைத்துனன்,
சவரிராயன்

பி.கு.: உறை ஒட்டும் நேரத்தில் பஸ்ஸிலிருந்து தங்கள் தங்கையும் இன்பமேரியும் இறங்கினார்கள், வில்லியனூர் ரயிலடிக்கென்று போன ஆளை நாலு நாளாகக் காணோம் என்று தேடிக்கொண்டு. தங்கள் தங்கை யார் வீடு என்றுகூடக் கேட்கவில்லை, உள்ளே வந்ததும் ஒரு டம்ளர் மோர் வாங்கி மடமடவென்று குடித்துவிட்டாள். இன்பமேரியைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு, பூசணிக்காய் முதல் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். பவுல்ராஜ் சொன்ன குற்றங்களையும் ஒன்று விடாமல் சொன்னேன். “அப்ப அவரு பொய் சொல்லலியா?” என்றாள். “இல்லம்மா, இந்த ஓட்டல்ல பொய் சொன்னவன் உங்கப்பன் ஒருத்தன்தான்” என்றேன். போன வருஷத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து இன்றுதான் கேட்டேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, “பசிக்குதுப்பா” என்று நேராகப் போய் இலை முன்னால் உட்கார்ந்தாள். தீர்ப்புச் சொல்லத் தாங்கள் வர வேண்டாம், சாப்பிட வாருங்கள். இதை எழுதும்போது இன்பமேரி இரண்டாம் முறை சோறு கேட்கிறாள்.