பொருள்: பூர்வ வாசனை தொடர்பாக

மனிதன் நன்றாக வாழ்வதும் நாசமாகப் போவதும் பிறப்பாலா, இருக்கிற இடத்தாலா என்று உலகத்து மேதைகளெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பாவம், அவர்களில் ஒருவர்கூடக் கொடுங்கையூருக்கு வந்து ஒரு மனு கொடுத்துப் பார்த்ததில்லை. எங்கள் குடியிருப்புக்குக் கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் ஜெபின் அண்ணாச்சி கொடுத்தார். மேற்படி கேள்விக்கு விடையும் கிடைத்துவிட்டது.

அண்ணாச்சிக்கு ஊர் உடன்குடிப் பக்கம். அவர் மனைவி ஜெனி பிரசவத்துக்குத் தாய் வீடு போய், கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள். வந்த வாரமே, சென்னைக் குப்பையைக் கொட்டும் எங்கள் ஊர்க் குப்பை மேடு தீப்பற்றிக்கொண்டது. பிள்ளை இருமிய இருமலில் ஜெனி மறுபடி ரயிலேறிவிட்டாள். "நாத்தம் என்னைக்கு நிக்குதோ அன்னைக்குச் சொல்லுங்க, வாரேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். அதிலிருந்து அண்ணாச்சி மகளைப் போனில்தான் கொஞ்சுகிறார். பருப்பு நிறுக்கும்போதே மனுஷனுக்குக் கண் கலங்கும். மனசு கேட்காமல், மனு கொடுக்க நானும் துணைக்குப் போனேன்.

மனித நல மேம்பாட்டு அலுவலகத்தில் கீழே சூழல் பிரிவு, மாடியில் பரம்பரைப் பிரிவு. கீழே கண்காணிப்பாளர் ஸ்டானிஸ்லாஸ், ராயபுரத்துக்காரர், கோப்புகளில் நல்ல தமிழ் எழுதியதற்காகக் கேடயம் வாங்கியவர். குப்பை மேட்டுப் பக்கத்து ஜன்னலை ஆணியடித்து மூடியிருந்தார். மனுவின் முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"நாற்றம் தாங்கலைன்னு எழுதியிருக்கீங்க. பழந்தமிழ்ல நாற்றம்னா நறுமணம். நறுமணம் வீசுதுன்னு புகார் வந்தா நான் என்ன நடவடிக்கை எடுக்கறது?"

"அப்ப வாடைன்னு போடுங்க சார்" என்றார் அண்ணாச்சி.

"வாடைன்னா வடக்குக் காத்து. கோப்பு வானிலைக்காரங்ககிட்ட போயிடும். திரும்பி வராது."

நெடுநேரம் யோசித்தவர், நாற்றத்தை அடித்துவிட்டு 'வாசனை' என்று அழகாக எழுதினார். எழுதிய கையோடு பேனாவையும் மூடினார்.

"வாசனைன்னா பூர்வ ஜென்ம வாசனை. வழிவழியா வர்றது. எங்க பிரிவு இல்ல, மாடிக்குப் போங்க."

மாடியில் ஆன்சி மேடம், பரம்பரைப் பிரிவின் அதிகாரி. மனுவைப் படித்துவிட்டு அக்கறையாகக் கேட்டார்.

"இந்த வாசனை உங்க அப்பாவுக்கு உண்டா?"

"அவங்க ஊர்ல இருக்காங்க மேடம். அங்க ஏது குப்பை மேடு?"

"தாத்தாவுக்கு?"

"தாத்தா கருவாட்டு யாவாரம்."

மேடம் முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லுங்க. ஒரு தலைமுறை விட்டு வந்திருக்கு."

"மேடம், நான் குப்பை மேட்டைச் சொல்லுதேன்."

"மேடு ஊருக்கே பொது. அதுல நாத்தம்னா எல்லாருக்கும் தெரியணுமே?"

கீழே குப்பை லாரியை நிறுத்தியிருந்த டிரைவர் டில்லிபாபுவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். இங்கே நாற்றம் அடிக்கிறதா என்று மேடம் கேட்டார்.

"இன்னா நாத்தம்? எனக்கு ஒண்ணியும் தெர்ல மேடம். பொறந்ததுலேர்ந்து இங்கதான் கீறேன்."

அவ்வளவுதான். குறை மேட்டில் இல்லை, மூக்கில்தான் என்பது ஐயந்திரிபற நிரூபணமானது. மேட்டை மேம்படுத்துவதைவிட மனிதனை மேம்படுத்துவது எளிது என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது. 'நன்மூக்கு இயக்கம்' பிறந்தது.

குப்பை வாளியை முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். சுளிக்காதவருக்கு 'நன்மூக்கர்' சான்றிதழ். சும்மா சொல்லக் கூடாது, எங்கள் ஜனம் முண்டியடித்தது. வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் மூக்கைப் பார்த்துச் சாவி கொடுத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் மூக்கைக் கேட்டார்கள். நன்மூக்குப் பெண் என்றால் நகையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள். என்னுடைய சான்றிதழைச் சட்டம் போட்டு டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறேன்.

அண்ணாச்சி முதல் தடவை ஸ்டானிஸ்லாஸின் செருப்பிலேயே வாந்தி எடுத்துவிட்டார். "முயற்சி திருவினையாக்கும்" என்று அவர் காலை உதறிக்கொண்டே ஆறுதல் சொன்னார். அண்ணாச்சியும் விடவில்லை. சாயங்காலம் ஆனால் குப்பை மேட்டுக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்து மூச்சை இழுத்தார். மழைக்காலம் முடிவதற்குள் அவருக்கும் சான்றிதழ் கிடைத்துவிட்டது. அலுவலகத்திலிருந்தே ஜெனிக்குப் போன் போட்டார்.

"ஜெனி, நாத்தம் நின்னுட்டு. சத்தியமா. பிள்ளையத் தூக்கிட்டு வா."

மனுஷன் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

ஜெனி வந்தாள். ஆட்டோவை விட்டு இறங்கியதுமே சேலைத் தலைப்பால் குழந்தை முகத்தை மூடினாள்.

"நின்னுட்டுன்னு சொன்னீங்களே?"

"நின்னுட்டுல்லா? எனக்கு ஒண்ணும் தெரியலையே. அண்ணே, உங்களுக்குத் தெரியுதா?" என்று அண்ணாச்சி என்னைக் கேட்டார்.

நெஞ்சு நிறைய இழுத்துப் பார்த்தேன். சத்தியமாக ஒன்றுமில்லை.

"நீ வெச்சிகினு கீற மல்லியே எனக்குத் தெர்ல தங்கச்சி" என்றான் பக்கத்தில் நின்ற டில்லிபாபு. "இதுல நாத்தம் எங்கேர்ந்து தெரியும்?"

குழந்தை இரும ஆரம்பித்தது. ஜெனி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பிள்ள அப்படியே அப்பா ஜாடைன்னு ஊரே சொல்லுது. மூக்காவது எங்க வீட்டு ஜாடையா இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். வந்த ஆட்டோவிலேயே திரும்ப ஏறி உட்கார்ந்தாள்.

ஆட்டோ தெரு திரும்பும் வரை அண்ணாச்சி அசையவில்லை. அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவங்க குடும்பத்துக்கே மூக்கு அப்படித்தாம்ணே. பரம்பரை."

நாங்களும் உச்சுக்கொட்டினோம். இருக்கிற இடத்தில் கோளாறு என்றால் ஒரு மனு கொடுத்துச் சரி பண்ணிவிடலாம், பிறப்பிலேயே வந்ததற்கு யார் என்ன செய்ய முடியும்?